வோன்மொபிலில் மணந்த காஸ் குறித்து மச்சானுக்கு

டுசல்டோர்ஃப்
21.05.2006

பேரன்புக்குரிய மச்சான் கணேசலிங்கம் அவர்கட்கு,

டுசல்டோர்ஃபிலிருந்து சபாநடேசன் மதிப்புடன் வரைவது. உங்கள் தங்கை பவளத்தின் வலது முழங்கால் நீங்கலாக இங்கு யாவரும் சுகம். ரொறன்ரோவில் பனியும் உங்கள் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. ஆகஸ்டில் பழையபடி அடுப்பும் படுக்கையும் உள்ள எங்கள் வோன்மொபில் வண்டியில் வடகடலுக்குப் போய்வருவோம் என்று வருடப்பிறப்பன்று ரெலிபோனில் உங்களை அழைத்தேன். "பாமா இல்லாமல் நான் அந்த வண்டியிலை ஏறமாட்டன். அதோடை அந்தக் கிழட்டு வண்டி இனி எங்கை ஓடப்போகுது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். உங்கள் முதலாவது காரணத்தைப் பிறகு எடுக்கிறேன். உங்கள் துணைவியார் பாமா அக்கா காலமாகி இரண்டு வருடமாகிறது. அதைப்பற்றி எனக்கு எழுதத் தெரியாது. இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஆகவே அதற்கு முறைப்படி பதில் தருகிறேன்.

வண்டி ஓடும். ஆனால் பங்குனிக் கடைசியில் கதவைத் திறந்தபோது உள்ளே காஸ் மணந்தது. இந்த நாட்டில் வோன்மொபிலின் காஸ் அமைப்பை இரண்டு வருடத்துக்கொருமுறை பரிசோதிப்பித்து முத்திரை ஒட்டவேண்டும் என்பதும், முத்திரை இல்லாத வண்டியை நாம் வழக்கமாகத் தங்கும் கடற்கரை முகாமில் உள்ளே விடார் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. எனவே சிலிண்டரிலிருந்து போகும் இறப்பர்க் குழாயை முதலில் மாற்றினேன்; மணம் போகவில்லை. அழுத்தத்தைச் சீராக்கும் கருவியை மாற்றினேன். கடைக்காரர் புதிய வகையைத் தந்துவிட்டார், எங்களுடையதோ கூடிய அழுத்தம் கேட்கும் பழைய அடுப்பு. பவளம் தேத்தண்ணிக்குக் கேத்தலை ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் போய் முருங்கைக்காய்க் கறி வைத்து இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். கேத்தல் தண்ணி அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தது. சரியான கருவியைத் தேடிப் பூட்டினேன்; அடுப்பு எரிந்தது, மணம் போகவில்லை. கடைசியில் அடுப்பு, குளிர்ப்பெட்டி, வெப்பமூட்டி மூன்றுக்கும் போகும் உலோகக் குழாய்கள் அத்தனையையும் கழற்றிப் புதிதாக இட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, வண்டிக்கு முழுக வாக்கிறியளோ?" என்று பவளம் கேட்டாள்.

ஒரு குமிழியும் வரவில்லை. மணம் மட்டும் வந்தது. என் மூக்கில்தான் பிழையோ என்று, பல வருடமாக உணவகமொன்றில் சமைக்கும் பக்கத்து வீட்டு இராயப்பு அண்ணையை அழைத்து மணந்து பார்க்கச் சொன்னேன்.

"ஆர் ரசம் வைச்சது?" என்றார்.

"அண்ணை, இது புரொப்பேன் காஸ்."

"என்ன காஸோ, மிளகு காணாது."

நன்றி கூறி அனுப்பிவைத்தேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும், மச்சான். குழாய் மாற்றுகிறவன் அடுப்பின் கீழ் தலையை நுழைத்து மல்லாந்து கிடக்கவேண்டும். அப்படிக் கிடப்பவனுக்கு வேலைக்குச் சம்பந்தமில்லாதவை நினைவுக்கு வரும். அகதி விண்ணப்பம் போட்டிருந்த காலத்தில் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்றிருந்ததும், வதிவிடப் பத்திரம் கிடைத்த கையோடு நீங்களும் நானும் இந்த வண்டியை வாங்கியதும், எங்கே போவது என்று தெரியாமல் அன்று முழுதும் எல்லைகளைத் தாண்டித் தாண்டி ஓடியதும் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு மாவட்டப் பலகையைக் கடக்கும்போதும் நீங்கள் ஹோர்ன் அடித்தீர்கள். தேவையின்றி ஹோர்ன் அடிப்பது குற்றம் என்று நான் ஒவ்வொரு முறையும் எடுத்துரைத்தேன். "அடியுங்கோ, தம்பி சட்டம் வாசிக்கட்டும்" என்று பாமா அக்கா பின்னாலிருந்து சொன்னா. கடற்கரை முகாமில் மழை பெய்தால் அவ இந்த அடுப்பில்தான் ரசம் வைப்பா. நாலு பேரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு கோப்பையோடு நெருக்கியடித்து இருப்போம். அவ்வளவு பேர் இருப்பதற்கு அந்த வண்டிக்கு அனுமதி கிடையாது.

கடந்த வெள்ளிக்கிழமை பரிசோதகர் ஹெர் லோமான் வந்தார். குழாயில் காற்றை அடைத்து அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார், முள் அசையவில்லை. நான் முத்திரையை எதிர்பார்த்து நின்றேன். அவரோ மூக்கைச் சுளித்து, "கருவி சரியென்கிறது, மூக்கு பிழையென்கிறது. மூக்கை மீறி நான் ஒட்டமாட்டேன்" என்று சொல்லி, அடுப்புக்குப் பின்னாலிருந்த பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்தது, பொலித்தீன் பையில் சுற்றி இறப்பர் வளையம் போட்ட சின்னத் தகரப் பேணி. கடந்த குளிர்காலத்து ஈரத்தில் மூடி துருப்பிடித்துத் திறந்திருக்கவேண்டும். உள்ளே பெருங்காயம்.

"இதைச் சாப்பிடுவீர்களா?" என்றார் ஹெர் லோமான், இரண்டடி பின்னால் நின்று.

"கொஞ்சமாத்தான்" என்றாள் பவளம், தமிழில்.

நான் வண்டிக்கென எழுதி ஒட்டிய விதிகளில் ஏழாவது உங்களுக்கு நினைவிருக்கும்: காஸ் மணத்தை மறைக்கக்கூடுமாதலால் வண்டியினுள் பெருங்காயம் தடை. பாமா அக்கா மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டதையும், பெருங்காயம் இல்லாமலே ரசம் எவ்வளவு திறமாக இருக்கிறது என்று நான் கோடைக்குக் கோடை எடுத்துக்காட்டியதையும் நீங்கள் அறிவீர்கள். நீங்கள் எல்லோரும் அப்போது ஏன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

பவளம் பேணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். "மச்சாளின்ரை கை மணம்" என்றாள். ஹெர் லோமான் தொப்பியைக் கழற்றினார். ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு முத்திரையை ஒட்டிவிட்டுப் போனார்.

பேணியை அகற்றி, பலகையின் பின்புறத்தை வினாகிரியால் கழுவி, இரண்டு நாள் ஜன்னல்களைத் திறந்துவைத்தேன். வண்டியில் இப்போது எந்த மணமும் இல்லை என்பதை உறுதிப்படுத்துகிறேன். ஆகவே உங்கள் இரண்டாவது காரணம் இத்துடன் இரத்தாகிறது. முதலாவதைப் பற்றி, வந்தால் இருந்து கதைப்போம். சாரதிக்குப் பக்கத்து ஆசனம் உங்களுடையது. ஹோர்ன் பற்றி இம்முறை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். மருந்தை நேரத்துக்கு எடுங்கள். கடவுள் உங்களைக் காத்து, விமானத்திலும் ஏற்றிவைப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மதிப்புக்கும் கண்டனத்துக்கும் உரிய,
க. சபாநடேசன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் இடும்போதுதான், பவளம் நேற்றே உங்களுடன் கதைத்துவிட்டாள் என்பதும், நீங்கள் ரிக்கற் எடுத்துவிட்டீர்கள் என்பதும் தெரியவந்தன. எனவே மேற்கண்டவை யாவும் தேவையற்றவை. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்களாம்: "பாமாவின்ரை மணம் இன்னும் கிடக்கோ?" அவள், "ஓம் அண்ணை, அப்பிடியே கிடக்கு" என்றாளாம். இது நான் மேலே உறுதிப்படுத்தியதற்கு முரணானபடியால், உடனே போய்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். நான் அகற்றிய பேணியைப் பவளம் பழைய இடத்திலேயே திரும்ப வைத்திருந்தாள். அப்புறப்படுத்தத்தான் போனேன், மச்சான். பலகையைத் திரும்ப வைத்து, நாலு திருகாணியையும் நானே இறுக்கிவிட்டு வந்தேன்.