டில்ட் ஆச்சியும் நாலு மிஷினும்

காரைக்குடியில் மனிதர்களை எடை போடத் தெரிந்தவர்களுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் ஓர் ஆளை மிஷின் முன்னால் நிற்கவைத்து, ஒரு பந்தை உருட்டவிட்டு, அவர் காபி குடித்து முடிப்பதற்குள் அவருடைய குணம் முழுவதையும் பிட்டுப்பிட்டு வைக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் டில்ட் ஆச்சி. அவர் கணிப்பு ஒரே ஒரு தடவைதான் தப்பியது. அது என் கல்யாண விஷயத்தில்.

ஆச்சிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கணவரை வட்டிக்கடைப் பொறுப்புக்காகப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே போய்க் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் விளையாட்டு மிஷின்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் காலமான பிறகு, அறுபதுகளின் கடைசியில், ஆச்சி கப்பலேறி ஊர் திரும்பினார். கூடவே ஆளுயர மரப்பெட்டிகள் மூன்று வந்து இறங்கின. பீங்கானோ, பட்டோ, கடிகாரமோ என்று பங்காளி வீட்டார் மொத்தமும் கூடிநிற்க, ஆச்சி இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்து முதல் பெட்டியைத் தானே திறந்தார். உள்ளே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கரடி நின்றது.

வீட்டில் தன் பங்குக்கு வந்த முன்கூடத்தில் மூன்று மிஷின்களையும் ஆச்சி வரிசையாக நிறுத்தினார். பந்து மிஷின், கரடி மிஷின், கார் மிஷின். காலையும் மாலையும் ஆண்களுக்கு. மத்தியானம் பெண்களுக்கு. மிஷின்கள் மலாயாக் காசைத் தவிர வேறு எதையும் விழுங்காது. அதனால் நாம் நாலணா கொடுத்தால் ஆச்சி ஒரு செம்பிலிருந்து மலாயாக் காசு எடுத்துத் தருவார். பிறகு மிஷினின் வயிற்றைத் திறந்து அதே காசை எடுத்துத் திரும்பவும் செம்பில் போட்டுக்கொள்வார்.

கரடி மிஷினில், முன்னால் இருக்கும் துப்பாக்கியால் குறிபார்த்துக் கரடியைச் சுட வேண்டும். அதில் ஒரு கோளாறு உண்டு. யாரும் சுடாமலே சில நேரம் பின்னங்காலில் எழுந்து நின்று உறுமும். பங்காளி ஒருவர் வந்து, “ஆச்சி, சாமி கும்புடுற வீட்டுல கரடி உறுமலாமா? சமையக்காரரு பயந்துபோயிச் சாம்பாரக் கீழ போட்டுட்டாரு” என்றார்.

“கரண்டு கூடக்கொறைய வந்தா அது அப்புடித்தான் உறுமும். கரண்டு ஆபீசுல போயிக் கேளுங்க.”

அவர் நிஜமாகவே போய்க் கேட்டார். அந்த ஆபீசிலிருந்து இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். சாயங்காலம்வரை கரடி சுட்டுவிட்டுப் போனார்கள்.

பந்து மிஷினால்தான் ஆச்சிக்கு அந்தப் பெயர் வந்தது. சரிந்த பலகையில் எஃகுக் குண்டு உருண்டு வரும். கீழே இரண்டு பக்கமும் உள்ள சின்னத் துடுப்புகளால் அதைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். பலகையைப் பிடித்து உலுக்கிக் குண்டைத் திருப்பப் பார்த்தால் மிஷினுக்குத் தெரிந்துவிடும். ‘டில்ட்’ என்று சிவப்பு எழுத்து எரியும், துடுப்பு இரண்டும் செத்துப்போகும். ஆச்சிக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். எழுத்து எரிந்ததும், “டில்ட்! வெளிய போங்க” என்பார். காண்ட்ராக்டர், வக்கீல் என்று பார்க்கமாட்டார். கொஞ்ச நாளில் அந்தச் சொல் கூடத்தைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது. சந்தையில் தராசுத் தட்டில் விரல் வைத்த மீன்காரரைப் பார்த்து, “என்னய்யா டில்ட் பண்றே?” என்று ஒருவர் சண்டை பிடித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. அப்பாவுக்கு அரிசி மண்டி. அம்மா இல்லாத வீடு. நான் பி.யூ.சி. முடித்துவிட்டு மேலே என்ன என்று தெரியாமல் இருந்த காலம். மத்தியானமானால் ஆச்சி கூடத்தில்தான் கிடப்பேன். கார் மிஷின் எனக்கு ஒத்து வராது. அதில் கார் நின்ற இடத்திலேயே நிற்கும், ரோடுதான் உருண்டு உருண்டு வரும். சற்று நேரத்தில் தலை சுற்றிவிடும். கரடியைச் சுட மனசு வராது. சுட்டதும் அது எழுந்து நின்று திரும்பிப் பார்க்கிற பார்வை அப்படி. பந்து மிஷின்தான் பிடிக்கும். குண்டு மேலே போய்விட்டால் நாம் செய்ய ஒன்றுமில்லை. அது இறங்கி வரும்வரை விரலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிற்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆச்சி ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, வெள்ளைச் சேலையும் தடித்த கண்ணாடியுமாக உட்கார்ந்து, விளையாடுகிறவர்களின் முகத்தை மட்டும் பார்ப்பார். மிஷின் பக்கம் திரும்பவே மாட்டார். ஒரு நாள் அறிமுகமான வீட்டுக்காரர் ஒருவர் தனக்கு வரப்போகிற மருமகனைச் சும்மா வேடிக்கை காட்டக் கூட்டிவந்தார். பையன் கார் மிஷினில் மோதிவிட்டு, ஸ்டீயரிங் சரியில்லை என்றான். பந்து விழுந்ததும், துடுப்பு சரியில்லை என்றான். அவர்கள் கிளம்பும்போது ஆச்சி, “இவருக்கு எதுவுமே சரியா இருக்காது. உங்க பொண்ணும் சரியா இருக்கமாட்டா. யோசிச்சுச் செய்ங்க” என்றார். கல்யாணம் நின்றது. அந்தப் பையன் வேறு இடத்தில் கட்டி, மாமனாரோடு வழக்குப் போட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தான் என்று பிறகு செய்தி வந்தது.

அவ்வளவுதான். ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்குக் கரடியைச் சுட்டுக் காட்டாமல் பெண் கிடைக்காது என்று ஆகிவிட்டது. அரியக்குடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே ஆச்சி கூடத்துக்கு வண்டியைத் திருப்புவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய மீசைக்காரர்கள் ஆச்சியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே துப்பாக்கி பிடிப்பார்கள். நேரம் முடிந்து மிஷின் அணைந்த பிறகும் விசையை அழுத்திக்கொண்டே இருப்பவருக்கு ஆச்சியிடம் ஒரே தீர்ப்புத்தான்: “சொன்னாக் கேக்கமாட்டாரு.”

எனக்கு வரன் வந்தபோது அப்பாவும் அதையே செய்தார்.

மாப்பிள்ளைக்குச் சிவகங்கையில் ஓர் ஆபீசில் வேலை. மெல்லிசான ஆள். பந்து மூன்று தரமும் மளமளவென்று குழியில் விழுந்தது. சிரித்தார். கரடி ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. துப்பாக்கியை அலுங்காமல் அதன் இடத்தில் வைத்தார். கார் மிஷினைவிட்டு எழுந்து, “மிஷின் நல்லாத்தான் இருக்கு ஆச்சி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல” என்றார். ஆச்சியின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தோக்கத் தெரிஞ்ச ஆளு அண்ணே. நம்பிக் குடுங்க” என்றார் அப்பாவிடம்.

அவர் சொன்னது தப்பே இல்லை. என் கணவருக்குத் தோற்கத் தெரியும். ஆபீசில் மேலதிகாரி திட்டினால் சிரிப்பார். பஸ்ஸில் அவர் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால் சிரிப்பார். வெளியே சிரித்து விழுங்கியதை எல்லாம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் துப்புவார். கை நீட்டுவார். அப்போதும் குரல் உயராது. அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் கடைசிவரைக்கும் என்னிடம், “நீ குடுத்து வச்சவ” என்றுதான் சொன்னார்கள்.

கல்யாணமாகி இரண்டாவது பொங்கலுக்கு நான் காரைக்குடி வந்தேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் பழக்க தோஷத்தில் ஆச்சி கூடத்துக்குப் போய்ப் பந்து மிஷின் முன்னால் நின்றேன். வலப்பக்கம் வந்த குண்டெல்லாம் குழிக்குள் போயின. திரும்பத் திரும்ப வலப்பக்கமே போயின.

ஆச்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். “வலது கைய ஏன் அழுத்தமாட்டேங்குற?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன் ஆச்சி.”

“எந்தக் கதவு?”

அவர் என் வளையல்களை மேலே தள்ளி மணிக்கட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மிஷினின் பிளக்கைப் பிடுங்கினார். கூடத்திலிருந்த பெண்களிடம், “இன்னைக்கு இம்புட்டுத்தான். போயிட்டு வாங்க” என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு வெயிலில் எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

அப்பா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஆச்சி உட்காரக்கூட இல்லை.

“அண்ணே, நான் தப்பாச் சொல்லிப்புட்டேன். பிள்ளையத் திருப்பி அனுப்பாதீக.”

என் கையைக் காட்டினார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும், “கட்டிக்குடுத்த பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டா நாலு பேரு என்ன சொல்வாக ஆச்சி? பேசிச் சரிபண்ணி அனுப்புவம்” என்றார்.

“நான் சொன்னதக் கேட்டுத்தானே குடுத்தீக? இப்பவும் நான் சொல்றதக் கேளுங்க.”

அப்பா மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் திரும்பிப்போக வேண்டிய நாள் வந்தபோது வண்டிக்கு ஆள் அனுப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாலாவது மிஷின் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ஆச்சிக்கு ஒரு டி.வி. பெட்டியும், அதோடு மாட்டுகிற ஒரு விளையாட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பக்கம் ஒளிபரப்பு எட்டாத காலம். அந்தப் பெட்டியில் செய்தி வராது, பாட்டு வராது. வந்ததெல்லாம் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவே குதிக்கிற ஒரு புள்ளி. ஆளுக்கொரு குமிழைத் திருகிக் கோட்டை ஏற்றி இறக்கிப் புள்ளியைத் தடுக்க வேண்டும். மற்ற மூன்றிலும் மனிதன் மிஷினோடு ஆடினான். இதில் மட்டும் இன்னொரு மனிதனோடு ஆட வேண்டும். எனக்கு இடது கை போதுமாயிருந்தது. தினமும் போய் ஆடினேன்.

தை கழிவதற்குள் என் கணவர் தன் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பெரியப்பா நல்ல மனிதர். சமாதானம் பேச வந்திருந்தார். ஆச்சி, “எங்க வீட்டுல வச்சுப் பேசுவம் வாங்க” என்று எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். அது பெண்களுக்கான நேரம். கூடம் நிறைய ஆள்.

“பேச்சு அங்குட்டு இருக்கட்டும். புது மிஷின் வந்துருக்கு. புருஷனும் பொண்டாட்டியுமா ஒரு ஆட்டம் ஆடுங்க பாப்பம்” என்றார் ஆச்சி.

பெரியப்பாவுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. “ஆடுப்பா, ஆடு” என்றார்.

பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் புள்ளியைத் தவறவிட்டதும் அவர் சிரித்தார். அடுத்ததற்கும் சிரித்தார். பிறகு ஊன்றி ஆடத் தொடங்கினார். ஆனாலும் முடியவில்லை. நான் ஆடிப் பழகியிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், “மாப்ள, பொண்டாட்டிகிட்டயா தோக்குறீக!” என்றாள். கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். காதுகள் மட்டும் சிவந்துவிட்டன. ஆட்டம் முடிந்தது. எல்லார் கண்ணுக்கும் என்னைப் பாராட்டுகிற மாதிரி என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் ஒன்று சொன்னார்.

பெஞ்சுக்குப் பின்னால் ஆச்சி நின்றிருந்தார். கை நீட்டி டி.வி.யை அணைத்தார். வெளிச்சம் சுருங்கி நடுவில் ஒரு பொட்டாகி மறைந்தது.

“மாப்ள, இப்ப இவகிட்ட ஒண்ணு சொன்னீகளே. எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒருக்காச் சொல்லுங்க.”

“சும்மா ஆச்சி. நல்லா ஆடுறேன்னு சொன்னேன்.”

ஆச்சி என்னைப் பார்த்தார். “ஏத்தா, அதுவா சொன்னாரு?”

கரடி மிஷினுக்குள் ஏதோ ஒன்று லேசாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“இல்ல. ‘வீட்டுக்கு வா, அந்தக் கையையும் பாத்துக்கிறேன்’னு சொன்னாரு.”

என் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்கே தெரியாது.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா நிதானமான மனிதர். எதையும் யோசித்து யோசித்துத்தான் பேசுவார். அன்று எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, “பெரியவரே, நீங்க கெளம்புங்க. எம்மக வரமாட்டா” என்றார்.

என் கணவர் அப்போதும் சிரிக்கத்தான் பார்த்தார். அந்தச் சிரிப்பை அங்கே யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? “குடியக் கெடுத்தது அந்த ஆச்சிதான்” என்றது. ஆச்சி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மாப்பிள்ளை பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார். ஆத்தங்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்து எவ்வளவோ கெஞ்சியது. “கரடியச் சுடத் தெரியுமா தெரியாதான்னு சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. பொண்ணக் கூட்டியாந்து ரெண்டு பேரையும் பேசவிடுங்க” என்று அனுப்பிவிட்டார்.

நான் பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, வெளியூரில் வேலைக்குப் போனேன். பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதுகிற பிழைப்பெல்லாம் அதற்கும் பிறகு வந்தது. பயிற்சியில் இடம் கிடைக்கும்வரை ஒரு வருஷம் ஊரில் இருக்க வேண்டியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். கோயிலில் கூடுதலாகப் பிரசாதம் கொடுத்தார்கள். மத்தியானமானால் ஆச்சி கூடத்துக்குப் போவேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மற்றக் குமிழைப் பிடிப்பார். வெறித்தனமாக ஆடுவார். அந்த ஒரு வருஷத்தில் அவர் எனக்கு ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. நான் அழுதுகொண்டே ஆடிய நாள்களிலும்கூட என்னைத் தோற்கடித்துவிட்டு, “ம், அடுத்தது” என்பார். என்னைப் பார்த்து ஊரே பாவப்பட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது முழு மனுஷி என்று நம்பி ஆடியவர் அவர் ஒருத்தர்தான்.