வடாம் காய்ந்தது, டிரைவர் போனது

மட்டாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை.

கோயமுத்தூர் வெங்கிட்டு அண்ணா அவர்களுக்கு, உங்கள் மச்சினி கமலாக்ஷியின் கணவன் ராமசேஷன் அநேக நமஸ்காரம். இவ்விடம் இருவரும் சௌக்கியம். அவ்விடத்து சௌக்கியத்தைக் கமலாக்ஷி மூன்று வேளையும் விசாரித்துவிடுவதால் நான் தனியாகக் கேட்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் அவள் கையில், அதில் நீங்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் தருவதாகச் சொன்ன லாப்டாப் எங்களுக்கு வேண்டாம். என் பழைய கம்ப்யூட்டரிலேயே நெட் வந்துவிட்டது. போன வாரம் அது தூங்கித் தூங்கி விழுகிறதே என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். எல்லாம் வந்தது, நெட் மட்டும் வரவில்லை. நெட்வொர்க் கார்டுக்கு எதிரே மஞ்சளாக ஒரு ஆச்சரியக்குறி. கார்டை ஓட்டுகிற சாஃப்ட்வேர், அதுதான் டிரைவர், இல்லையாம். நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் எடுக்க நெட் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. கம்ப்யூட்டரோடு வந்த டிரைவர் சிடி இருக்குமே என்று அலமாரியைக் கவிழ்த்தேன், காணோம். கடைசியில் மொட்டைமாடியில், வடாத்துக்கு மேலே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெயிலில் தோல் உரிந்துவிட்டது. "அத்திம்பேர்தான் சொன்னார், பளபளன்னு ஆடினா காக்கா கிட்டவே வராதாம்" என்றாள் கமலாக்ஷி. நீங்கள் சொன்னதால் வடாம் பிழைத்தது. நான் சொன்னால் அவள் கறிவேப்பிலைகூட வாங்குவதில்லை.

அப்புறம் பஸ் ஏறி வைட்டிலாவில் சந்தீப் என்கிற ரிப்பேர் கடைக்காரரிடம் போனேன். "சாரே, இது மியூசியத்தில் கொடுத்தூடே?" என்றார், கொடுத்துவிடக் கூடாதா என்று. கார்டின் பெயர் கேட்டார். தெரியாமல் திரும்பி வந்து, பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, எறும்பு எழுத்தில் இருந்ததை எழுதிக்கொண்டு மறுபடி போனேன். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் போட்டால், இது அறுபத்துநாலு பிட், நீ முப்பத்திரண்டு என்கிறது. மறுபடி வைட்டிலா. கமலாக்ஷி சாயா கொடுக்கும்போதெல்லாம், "அத்திம்பேர்னா ரெண்டு நிமிஷத்தில பண்ணியிருப்பார். சனிக்கிழமைக்குள்ள நெட் வரல்லைன்னா லாப்டாப்பை வாங்கிண்டுடலாம்" என்றாள். பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பொறாமைதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் உங்கள் பெயர், ஊறுகாய் பூத்தாலும் உங்கள் பெயர். உங்கள் லாப்டாப்பும் மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டால் நான் எங்கே உட்காருவது?

இரண்டாவது டிரைவரும் உட்காரவில்லை. நேற்று மனசு விட்டுப்போய், கம்ப்யூட்டரை அணைக்காமலே கோவிலுக்குப் போனேன். வந்து பார்த்தால் மஞ்சள் குறி இல்லை, நெட் ஓடுகிறது. டிரைவர் உட்காரச் சில சமயம் நேரமாகும், பொறுமை வேண்டும். இதெல்லாம் அனுபவத்தில்தான் தெரியும். லாப்டாப்பை யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளுங்கள்.

சங்கரி மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். பகவதி உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் உட்பட.

இப்படிக்கு,
ராமசேஷன்

பி.கு.: அத்திம்பேருக்கு கமலாக்ஷி நமஸ்காரம். இந்த லெட்டரைத் தபால்ல போடச் சொல்லி இவர் என்கிட்டதான் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னே படிச்சுட்டேன். அவர் கோவிலுக்குப் போனப்போ, நீங்க சொன்னபடியே என் போனை வயர் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகினேன். போன் நெட்டை வெச்சுண்டு அதுவே டிரைவரைத் தேடிப் போட்டுண்டுடுத்து. போனை எடுத்துட்டேன். இவர்கிட்ட மூச்சு விடலை. நேத்துலேர்ந்து தெருவில ஒவ்வொருத்தர்கிட்டயும் அவாத்துக் கம்ப்யூட்டர் சௌக்கியமான்னு விசாரிச்சுண்டிருக்கார். இவ்வளவு சந்தோஷமா பார்த்து நாளாச்சு. லாப்டாப் வேண்டாம். அடுத்த தடவை போன் பண்ணினா இவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒரு சந்தேகம் கேளுங்கோ. நிஜமாவே தெரியாத மாதிரி கேளுங்கோ.