மரிலேனாவுக்கு எதற்குக் கிரேக்கம்?

மதிப்பிற்குரிய நுன்சியா அக்காவுக்கு,

தரந்தோவிலிருந்து தம்பி கத்தால்தோ பணிவன்புடன் எழுதுவது. இங்கே நான், தோரா, பிள்ளை மூவரும் சௌக்கியம். தோராவின் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. தூரினில் பனியும் அத்தானின் இருமலும் மாதா அருளால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது. மரிலேனா எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். அடுத்து எந்தப் பள்ளி என்று இந்த வாரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். நம் வம்சத்தில் இதற்கெல்லாம் யாரும் யோசித்ததே கிடையாது. பையன் என்றால் மெக்கானிக் பள்ளி, பெண் என்றால் ஹோட்டல் தொழில் பள்ளி, சரிவில் விட்ட டயர் மாதிரி தானாக உருண்டு போய்விடுவோம். இவள் என்னடாவென்றால் லத்தீனும் கிரேக்கமும் சொல்லித்தருகிற பள்ளிக்குப் போவேன் என்கிறாள்! நோட்டரி வீட்டுப் பிள்ளைகளும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் போகிற இடம். "செத்துப்போன பாஷையப் படிச்சு என்னடி பண்ணப்போறே?"ன்னு கேட்டேன். "உயிரோட இருக்கிற பாஷையில இந்த வீட்ல என்னை எங்க பேச விடுறீங்கப்பா?"ங்கிறா.

போன வாரம் டீச்சர் குவராந்தா என்னையும் மரிலேனாவையும் கூப்பிட்டாங்க. கல்யாணக் கோட்டை மாட்டிக்கிட்டுப் போனேன், மூச்சே விட முடியல. "பொண்ணு கெட்டிக்காரிதான், ஆனா கிரேக்கம்னா வீட்ல யாராவது சொல்லிக்குடுக்கணுமே"ன்னு சொல்லிக்கிட்டே அவங்க பட்டறைக் கறை படிஞ்ச என் நகத்தைப் பார்த்தாங்க. நம்ம வீட்ல இருக்கிற ஒரே கிரீஸ் அதுதானே அக்கா! நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினேன். இவ மட்டும் ஆட்டல. "டீச்சர், நோட்டரி வீட்டு லுதோவிகோ என்னைவிட மார்க்கு கம்மி. அவனை மட்டும் ஏன் அங்க போகச் சொன்னீங்க?" "அவங்க வீட்ல எல்லாரும் அங்க படிச்சவங்கம்மா." "அப்போ அங்க சேர மார்க்கு வேணுமா, படிச்ச அப்பா வேணுமா? அப்பாதான்னா இப்பவே சொல்லிடுங்க. நான் இவரை மாத்திக்கிறதா இல்லை." நான் விட்ட பெருமூச்சுல கோட்டுப் பொத்தான் தெறிச்சு டீச்சர் மேஜையில போய் விழுந்துச்சு.

சரி, ஹோட்டல்னா என்னன்னு கண்ணால பார்த்தா மனசு மாறும்னு நம்ம பெரியப்பா பையன் வீத்தோவோட ஹோட்டலுக்கு ஒருநாள் வேலை பார்க்க அனுப்பினேன். மிலானோக்காரர் ஒருத்தர், "அறையிலிருந்து கடல் தெரியுமா?"ன்னு கேட்டிருக்கார். "ஜன்னல்ல காலை வெச்சு ஏறி, கழுத்தை இடப்பக்கம் நீட்டினா தெரியும்"னு இவ உண்மையைச் சொல்லிட்டா. அவர் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டார். வீத்தோ சாயங்காலமே கொண்டுவந்து விட்டுட்டான். "அண்ணே, கும்பிடுறேன், இவளை எங்கயாவது படிக்க வை."

அக்கா, எனக்குப் பயம். அவ படிப்புக்குப் பயமில்ல. அந்த வகுப்புல போய் உட்கார்ந்தா, அவங்கல்லாம் அவ செருப்பைப் பார்ப்பாங்களேன்னுதான். தோராவைக் கேட்டா, "அவ திருப்பிப் பார்ப்பா"ங்கிறா. அதனால் உடனே ரயிலேறி வந்து, நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி, அவள் மனத்தை நீதான் மாற்ற வேண்டும். நீ சொன்னால் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டு அடுப்பும் வயிறும் என்றும் நிறைந்திருக்க மாதாவை வேண்டும்,

உன் தம்பி
கத்தால்தோ

பின்குறிப்பு: அக்கா, வராதே. காலையில மருந்துக்கடைக்காரர் டயர் மாத்த வந்தார். பேச்சுவாக்குல மரிலேனா விஷயத்தைச் சொன்னேன். தோளைத் தட்டி, "எதுக்குய்யா? அதெல்லாம் நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைங்களுக்கே கஷ்டம்"னார். அந்த 'நம்ம'ல நான் இல்லைன்னு புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. ஸ்பேனரைக் கீழே போட்டுட்டு நேரா கிரேக்கப் பள்ளிக்கு வந்து பேர் பதிஞ்சாச்சு. இதை அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சுல உட்கார்ந்துதான் எழுதுறேன். இல்ல, நீ வா, விருந்துக்கு வா. இத்தோட நிறுத்திக்கிறேன், இப்பத்தான் ஞாபகம் வருது: அந்த ஆளோட கார் இன்னும் ஜாக்கி மேலதான் நிக்குது.