டிஸ்க் பெட்டியின் ஹவுஸ் ஓனர்

கடலூர் மாவட்டத்திலேயே குடித்தனக்காரர்களை அதிகம் வதைத்த ஹவுஸ் ஓனர் யாரென்று கேட்டால், சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத மனிதரைத்தான் காட்டுவேன். இரண்டாயிரத்து ஏழு வாக்கில், செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் அவர் என் சீனியர்.

அங்கே பீரோ அளவில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, உள்ளே முழுக்க டிஸ்க்குகள். அந்த இடத்தை வால்யூம்களாகப் பிரித்து சர்வர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. வால்யூமைப் போர்ஷன் என்றுதான் சொல்லுவார். கேபிளைச் செருகியதும் போர்ஷன் கிடைத்துவிடாது. சர்வரைப் பெட்டியோடு இணைக்கும் கார்டுக்கு ஒரு நம்பர் உண்டு. அதைப் பெட்டியில் பதிந்து, இந்த நம்பருக்கு இந்த வால்யூம் என்று அவர் இணைத்தால்தான் சர்வரின் கண்ணுக்கே அது தெரியும்.

அதற்குமுன் விசாரணை நடக்கும். என்ன வேலை பார்க்கிற சர்வர், முன்பு எங்கே இருந்தது, பேக்கப் பழக்கம் உண்டா? இடம் கேட்டு வந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜர் நடையாய் நடந்து நொந்துபோய், எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்.

“பக்கத்து போர்ஷன் இருக்குதுன்னே ஒருத்தருக்குத் தெரியக்கூடாது சார்” என்றார் ஓனர்.

அப்பேர்ப்பட்டவரும் ஒருநாள் இளகினார். சரக்கு அனுப்பும் பிரிவின் சர்வருக்கு வேகமான புதுக் கார்டு வந்தது. அதன் நம்பரைப் பதிந்தவர், புதுசு மக்கர் செய்தால் உதவுமே என்று பழைய நம்பரை நீக்காமல் விட்டார்.

மறுநாள் டீ குடிக்கும்போது, கார்டு மாட்டிய இன்ஜினியர் பெருமையாகச் சொன்னார்: “பழசு வீணாப் போவுதேன்னு டிரெய்னிங் ரூம் சர்வர்ல போட்டுட்டேன் சார்.”

ஓனர் கிளாஸை வைக்கவில்லை, போட்டார். பழைய நம்பர் பெட்டியில் அப்படியே இருப்பதால், அந்தக் கார்டு எங்கே போனாலும் சரக்குப் பிரிவின் வால்யூம் அதற்குத் தெரியும், அதுவும் புது டிஸ்க் மாதிரி. டிரெய்னிங் அறையில் அன்றைய பாடமோ, புது டிஸ்க்கை ஃபார்மட் செய்வது. செய்தால் சரக்குக் கணக்கு மொத்தமும் காலி, லாரிகள் கேட்டிலேயே நிற்கும்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் கிடந்த செருப்பை மாட்டக்கூட அவர் நிற்கவில்லை. சித்திரை வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில், தொப்பை குலுங்க, வெறுங்காலோடு ஓடினார் மனுஷன். பின்னால் நான். டிரெய்னிங் அறைக்குள் பயிற்சிக்கு வந்த ஒருவர் மௌஸை அமுக்கப்போனார்.

“கைய எடு. அது ஆள் குடியிருக்கிற வூடு.”

கேபிளைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. நான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

“லாரி கெளம்பிடுச்சான்னு கேளு மச்சான், கால அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

போன் போட்டுக் கேட்டேன். கிளம்பிவிட்டதாம். சொன்ன பிறகுதான் காலை நீட்டினார். தண்ணீரை ஊற்றிக்கொண்டே, இந்த மனுஷன் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.