சட்டைக் காமிராவும் ஒரே ஒரு மாமனாரும்

மண்டையைக் காப்பாற்ற ஹெல்மெட் இருக்கிறது. காலுக்கு ஷூ, கைக்குக் கிளவுஸ், காதுக்கு அடைப்பான். வாயைக் காப்பாற்ற மட்டும் இதுவரை எவனும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மேல்முறையீடு செய்து, அதில் ஜெயித்து, ஜெயித்ததாலேயே மானம் போனவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே நான் பாதுகாப்பு கேப்டன். மற்றவர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், எனக்குப் பச்சை. அதனால் சம்பளம் ஒன்றும் கூடாது. ஆனால் தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் நான் பேச, எல்லோரும் நின்று கேட்டாக வேண்டும். (வீட்டில் நான் பத்து விநாடி தொடர்ந்து பேசியதில்லை.) அந்தப் பச்சைக்காக நான் எதையும் செய்வேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

ஒருநாள் காலையில் கவரைப்பேட்டை வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், ஒரு கூட்டு ரோட்டில் போலீஸ் மறித்தது. தலையில் ஹெல்மெட், வாரும் மாட்டியிருந்தது. சத்தியம். ஆனால் காக்கிச் சட்டை முன்னால் தலையில் எதையாவது கவிழ்த்துக்கொண்டு நின்று பேசுவது மரியாதையா? இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டினேன். கான்ஸ்டபிளுக்கு ஒரு வணக்கமும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து டீக்கடைப் பக்கமிருந்து எஸ்.ஐ. வந்தார். என் வெறும் தலையைப் பார்த்தார். கையிலிருந்த மெஷினைத் தட்டினார். ஹெல்மெட் இல்லை என்று சலான் வந்துவிட்டது.

"போட்டது போட்டதுதான்" என்றார். பிறகு இரண்டு நிமிடம் கெஞ்சினேன். என்ன சொல்லிக் கெஞ்சினேன் என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கம்பெனியில் விஷயம் தெரிந்துவிட்டது. ஹெல்மெட் கேஸ் வாங்கியவன் எப்படிப் பாதுகாப்பு கேப்டன்?

"நீங்க போட்டுக்கினு இருந்தீங்கன்றதுக்கு ப்ரூஃப் இன்னா கீது?" என்று கேட்டார் மேனேஜர். "கொண்டாங்க. அதுவரைக்கும் பச்சை என் ரூம்ல இருக்கட்டும்."

அன்று மஞ்சள் ஹெல்மெட்டோடு வரிசையின் கடைசியில் நின்று, வேறொருவன் பேசுவதைக் கேட்டேன். எல்லாம் நான் எழுதிக் கொடுத்த பேச்சு.

இங்கேதான் என் மாமனார் கோதண்டம் வருகிறார். மீஞ்சூர்க்காரர், ரிட்டயர் ஆன ஃபிட்டர். வேலையில் இருந்தவரை நட்டு போல்ட்டை முறுக்கினார். பிறகு அரசாங்கத்தை முறுக்குகிறார், மனு போட்டே. தெரு விளக்கு, சாக்கடை மூடி, ரயில் ஒரு நிமிடம் முன்னால் கிளம்பியது என எதையும் விடமாட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் பொங்கல் வந்துவிட்டது.

"மாப்ள, அந்த கான்ஸ்டபிள் சட்டையில காமிரா மாட்டிக்கினு இருந்தாரா?"

"ஆமா மாமா. செவப்பு லைட்டு எரிஞ்சிது."

"அப்ப ஏன் பேஜார் ஆவுறீங்க? அந்தப் படம் உங்குளுது. கேட்டு வாங்கலாம்."

எனக்கு அந்த இரண்டு நிமிடக் கெஞ்சல் ஞாபகம் வந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் கம்பெனியில் எட்டு காமிரா. விபத்து நடந்தால் போட்டுப் பார்ப்பது என் வேலை. எட்டும் ஊமை. ஆட்கள் வாயசைப்பார்கள், கையை ஆட்டுவார்கள், ஒரு சத்தமும் வராது. காமிரா என்றால் அப்படித்தானே இருக்கும்? மாமா எழுதிய தகவல் உரிமை மனுவில் தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன்.

முப்பது நாள் கழித்துப் பதில் வந்தது. 'தனிநபரின் அந்தரங்கம் அடங்கியிருப்பதால் பதிவை வழங்க இயலாது.' அந்தத் தனிநபரே நான்தான். என் அந்தரங்கத்தை என்னிடமிருந்தே காப்பாற்றியிருந்தார்கள். அன்றைக்கு அதைப் படித்துக் குதித்தேன். இன்றைக்கு நினைத்தால், ஒரு ஆபீஸ் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

மேல்முறையீட்டை மாமா எழுதினார். "முதல் ஒரு நிமிஷம் குடுத்தா போதும்னு எழுதுங்க மாமா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அரகொறையா கேட்டா அரகொறையாதான் குடுப்பான். நீங்க சும்மா இருங்க" என்றவர், 'ஒரு நொடியும் வெட்டாமல் முழுப் பதிவும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

விசாரணைக்குத் திருவள்ளூருக்கு வரச் சொன்னார்கள். மாமா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். என் மனைவி ஜெயந்தியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். "எங்கப்பா ஜெயிக்கறத நான் பாக்கணும்" என்றாள். (கேஸ் என்னுடையது.)

மேல்முறையீட்டு அலுவலர் ஒரு அம்மா. மேஜையில் கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. கோப்பைப் புரட்டினார், எங்களைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"எங்க மாமனார் மேடம்."

அவர் மாமாவை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். "உங்களுக்கு ஒரே மாமனார்தானா?"

சட்டத்தில் இப்படியெல்லாம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "ஆமா மேடம். ஒரே ஒருத்தர்தான்."

"பதிவை நீங்க மட்டும் தனியா பாக்கறீங்களா? அவங்க வெளியில இருக்கட்டுமே."

கடவுள் சில சமயம் அதிகாரி உருவத்தில் வந்து கதவைத் திறந்து வைப்பார். நான் அந்தக் கதவை எட்டி உதைத்துச் சாத்தினேன். "எல்லாரும் பாக்கட்டும் மேடம். எங்ககிட்ட ஒளிவு மறைவு கெடையாது."

அவர் பெருமூச்சு விட்டுப் பொத்தானை அமுக்கினார்.

"ஏய், ஓரங்கட்டு, ஓரங்கட்டு!"

சத்தம். கணீரென்று, கான்ஸ்டபிளின் குரல். பின்னாலேயே லாரி ஹாரன், டீக்கடை பாய்லர், ஒரு காக்கா. இந்தக் காமிரா ஊமை இல்லை.

திரையில் நான் வந்தேன். தலையில் ஹெல்மெட். இறங்கிக் கழற்றினேன். "பாத்தீங்களா மேடம்!" என்று மாமா துள்ளினார். ஜெயந்தி கை தட்டினாள்.

"போதும் மேடம்" என்றேன். "ப்ரூவ் ஆயிட்ச்சி. நிறுத்திடுங்க."

அவரும் நல்ல மனதோடு மவுஸைத் தொட்டார். மாமா எழுந்து நின்றுவிட்டார். "மன்னிக்கணும் மேடம். ஒரு நொடியும் வெட்டாமன்னு மனுலயே கேட்டுக்கீறோம். முழுசும் ஓடணும்."

ஓடியது.

"சார், உட்ருங்க சார்" என்றது திரையில் என் குரல். "மாமனார் தவறிட்டாரு சார். சாவுக்குப் போய்க்கினு கீறேன்."

"எந்த ஊரு?" எஸ்.ஐ.யின் குரல்.

"மீஞ்சூரு சார்."

"மீஞ்சூரு அந்தாண்ட கீது. நீ இந்தாண்ட போற?"

"கம்பெனில லீவு சொல்லிட்டுப் போலாம்னு சார்."

"போன்ல சொல்றதுக்கின்னா?"

"வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது சார்."

(பாதுகாப்பு கேப்டன் பேசுகிறான்.)

"எப்ப எடுக்கறாங்க?"

"நாலு மணிக்கு சார்."

"எப்டி செத்தாரு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்து சார். செருப்பு போடுங்கன்னு எத்தினியோ தபா சொன்னேன்."

எஸ்.ஐ. கொஞ்சம் இளகினார். "த்சொ. நல்ல மனுசனா?"

திரையில் நான் யோசித்தேன். யோசித்தது நன்றாகத் தெரிந்தது.

"சுமார் சார்."

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். மாமா திரையைப் பார்த்தபடியே இருந்தார். அந்த அம்மா கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது" என்றார். அவர் தோள் குலுங்கியது.

சி.டி.யை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குள் மாமா முதலில் நுழைந்தார். மூன்று டீ சொன்னார். ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"செத்தேன்னு சொன்னியே, அது பரவால்ல."

பதினாறு வருடமாக வாங்க போங்க என்றவர், முதல்முறையாக 'நீ' என்றார்.

"அவசரத்துக்கு அல்லாரும் சொல்றதுதான். நானே எங்க மாமனார மூணு தபா கொன்னுக்கீறேன். பாத்ரூம்ல உழுந்தேன்ன, அதுகூட பரவால்ல." கிளாஸைக் கீழே வைத்தார். "சுமாருன்னியே, அதுக்கு இன்னா அர்த்தம்? பொணத்தப் பத்தி எவனாச்சும் சுமாருன்னு சொல்வானா?"

"உண்மையா இருக்கட்டும்னு சொன்னேன் மாமா" என்றேன். (வாய்க்கு அடைப்பான் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.)

சி.டி.யைக் காட்டியதும் சலான் ரத்தானது. பச்சை ஹெல்மெட்டும் திரும்பி வந்தது. ஆனால் அதை வாங்க மேனேஜருக்குப் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அவர் பாதுகாப்புக் கமிட்டி மொத்தத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தார். முழுசாக. இரண்டு தடவை. இப்போதும் தினமும் காலையில் பத்து நிமிடம் பேசுகிறேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து யாராவது, "கேப்டன், எப்ப எடுக்கறாங்க?" என்பான்.

மாமா அந்த சி.டி.யின் இன்னொரு பிரதியைத் தனியாக மனு போட்டு வாங்கி வைத்திருக்கிறார். மச்சினி கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்குக்கூடப் போட்டுக் காட்டினார். விசேஷம் எதற்காவது நான் வரத் தாமதமானால் போன் வரும். "மாப்ள, நாலு மணிக்கு எடுக்கறாங்க. லீவு சொல்லிட்டு வந்துடு."

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். ஓடினேன். பாத்ரூம் வாசலில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, நீங்க உடம்பப் பாத்துக்கணும்" என்றேன். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு லீவு கெடைக்காது. மேனேஜர் நம்ப மாட்டாரு."

ரொம்ப நேரம் சிரித்தார். இருமிவிட்டு மறுபடி சிரித்தார். ஜெயந்தி கஞ்சியோடு உள்ளே வந்து, "இன்னாப்பா, இப்ப உடம்பு எப்டி கீது?" என்று கேட்டாள்.

அவர் என்னைக் கை காட்டினார்.

"அவனக் கேளு. நான் எப்டின்னு கவர்மெண்ட் காமிராவுலயே சொன்னவன்."