சவுண்ட் அண்ணையின் ஜெட் ஸ்கி

ஜெர்மனித் தமிழர்களின் காதுகளில் பாதியைச் செவிடாக்கிய பெருமை சவுண்ட் அண்ணை ஒருவரையே சாரும். கெல்சென்கிர்ச்சனில் கலியாணமோ பிறந்தநாளோ, அவருடைய ஸ்பீக்கர் இல்லாமல் நடக்காது. ஐயர் மந்திரம் சொல்கிறாரா என்பதை அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கொஞ்சம் குறையுங்கோ அண்ணை" என்றால், "குறைக்கிறதெண்டால் ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?" என்பார்.

அப்படிப்பட்டவர் அறுபதை நெருங்கும் வயதில் பழைய ஜெட் ஸ்கி ஒன்றை வாங்கி வந்தார். தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள். அதை ஓட்டுவதற்கான ஜெர்மன் பரீட்சையில் மூன்றாம் முறை பாஸாகிவிட்டார். இவ்வளவும் எதற்கு? அதில் சவுண்ட் சிஸ்டம் பூட்டி, ரைன் நதியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போவதற்கு.

"ஏன் அண்ணை, மண்டபங்கள் காணாதோ?"

"தண்ணியில சத்தம் போடவேணும். உனக்கு விளங்காது."

எனக்கு விளங்கவில்லைதான். ஆனாலும் சனிக்கிழமைகளில் அவருடைய கராஜில் போய் நின்றேன். கைப்பிடிக்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கர். இருக்கைக்கு அடியில் இன்னொரு பேட்டரி. வயர் முனைகளுக்கெல்லாம் சிலிக்கோன். ஆம்ப்ளிஃபையர் மட்டும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போனது. அவருடைய மனைவி ஃப்ரீசரில் கணவாய்க் கறி வைத்திருந்த டப்பா அது.

"கறியே வெளியில வரேல்லை. தண்ணி உள்ள போகுமே?" என்றார் அண்ணை. குழாயால் பீய்ச்சியும் பார்த்தார். ஒரு சொட்டுப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைன் கரைக்கு இழுத்துப் போனோம். புது வாகனமென்றால் பூசை வேண்டாமா? தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, நசுக்க ஜெட் ஸ்கிக்குச் சில்லு இல்லை. இழுத்துவந்த டிரெய்லரின் சில்லுக்கு அடியில் வைத்துச் சமாளித்தோம். பிள்ளையார் பாட்டு முழங்கியது. ஆம்ப்ளிஃபையருக்கும் சந்தனப் பொட்டு வைக்கவேண்டுமென்று டப்பாவைத் திறந்தார். பொட்டும் வைத்தார். மூடியை மறந்தார். பக்கத்திலேயே டிரெய்லர் இரும்பில் தேங்காயை அடித்தார்.

தேங்காய்த் தண்ணீர் நேரே டப்பாவுக்குள் பாய்ந்தது. 'சர்' என்று புகை. பிள்ளையார் பாதிப் பாட்டில் நின்றுவிட்டார்.

ரைன் நதி முழுவதற்கும் அணை போட்டவர் ஒரு தேங்காய்க்குப் போடவில்லையே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. டிரெய்லரில் உட்கார்ந்துவிட்டார். அவர் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சண்டைக் காலத்தில வள்ளத்தில இந்தியாவுக்குத் தப்பி வரேக்க எனக்கு இருமல், தம்பி. நேவிக்காரனுக்குக் கேட்டால் எல்லாற்ற கதையும் முடிஞ்சுது. உடுத்திருந்த சாரத்தை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு இருந்தனான், கரை வருமட்டும். அண்டைக்கு நினைச்சனான், ஒருநாளைக்குத் தண்ணியில நிண்டு ஆசைதீரச் சத்தம் போடவேணுமெண்டு."

சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. "தொண்டை இருக்குத்தானே அண்ணை?" என்றேன்.

அண்ணை எழுந்து மிதவை அங்கியை மாட்டினார்.

ஜெட் ஸ்கியைத் தண்ணீரில் இறக்கி, சற்றுத் தூரம் போய் எஞ்சினைத் தணித்து, இல்லாத மைக்கைப் பிடிப்பதுபோல வாயருகே கையை வைத்தார்.

"ஹலோ! மைக் டெஸ்டிங்! ஒண்டு! ரெண்டு! மூண்டு!"

மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர் பதறி, அவருக்கு உதவி வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

"கேக்குதோ?" என்று தண்ணீரிலிருந்து அண்ணை கத்தினார்.

அவர் வைத்த சத்தத்துக்கு எத்தனை மண்டபங்களில் காதைப் பொத்தியிருப்பேன்! அன்று இரண்டு கையையும் வாயில் குவித்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கேக்குது அண்ணை! இன்னும் கூட்டுங்கோ!"