ஊசி புதுசுதானே?

ரத்தம் எடுக்கும் அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் பஞ்சால் நாற்காலியின் கைப்பிடியைப் பாத்திரம் விளக்குவதுபோல் தேய்த்துக்கொண்டிருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் ஊசிச் சுத்தக்காரர். ஊருக்கு ஒருவர் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு ஒருவர் தேறுவார். எங்கள் வீட்டுப் பங்குக்கு என் தங்கையின் கணவர்.

அவர் கால் கட்டைவிரலில் ஒரு புண், ஆறாமல் கிடக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்று பார்க்காமல் மருந்தை மாற்ற முடியாது, இப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் புண்ணைச் சுற்றியிருப்பது பழைய பனியன் கிழிசல். அதன்மேல் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் ஊசிமேல்தான். அன்று ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம் ஆரம்பித்தார்.

"ஊசி புதுசுதானேம்மா?"

"உங்க கண்ணு முன்னாடிதானே சார் உறையைப் பிரிச்சேன்."

"கையுறை?"

"அதுவும்தான் சார்."

அந்தப் பெண் முழங்கை மடிப்பைத் துடைத்துவிட்டு, காயட்டும் என்று காத்திருந்தாள். கதவுக் குமிழ், செல்போன், மூக்கு என்று எல்லா இடத்தையும் வலம் வந்திருந்த தன் ஆள்காட்டி விரலை, சரியாக அவள் துடைத்த இடத்திலேயே வைத்து, "நரம்பு இங்கதான் நல்லா கிடைக்கும்" என்று வழிகாட்டினார் மனிதர். அவள் மறுபடி துடைத்தாள். இவர் குனிந்து, சூடான காப்பியை ஆற்றுவதுபோல் அதன்மேல் ஊதினார்.

"மாப்பிள்ளை, வாயை மூடுங்க" என்றேன்.

"வெறும் காத்துதானேக்கா."

ஆஸ்பத்திரி வேலையில் எத்தனையோ நோயாளிகளுக்குப் பல் துலக்கிவிட்டவள் நான். வாயில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவள் பொறுமையாக மூன்றாம் முறை துடைத்து ஊசியை எடுத்தாள். அவ்வளவுதான். கையுறை மேஜையில் பட்டுவிட்டது என்று எழுந்தவர், வீட்டு வாசலில் வந்துதான் நின்றார். கிருமிப் பயமாம். ஊசிப் பயத்துக்கு மாட்டிவிட்ட சலவைச் சட்டை அது.

"விரல் போனப்புறம் எதைத் துடைப்பீங்க?" என்று கேட்டாள் என் தங்கை.

மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு அவரை மறுபடி கூட்டிக்கொண்டு போனோம். என் தங்கை அவர் வாய்க்கு முகக்கவசம் மாட்டி, வலது கையைத் தன் இரு கைகளுக்குள் பூட்டிக்கொண்டாள். பார்த்தவர்கள் புதுமணத் தம்பதி என்று நினைத்திருப்பார்கள். இடது கையில் ரத்தம் எடுத்து முடித்த பிறகும், மூடிய கண்ணைத் திறக்காமல், "எப்பம்மா குத்தப் போறே?" என்றார். அந்தச் சந்தடியில் நான் பனியன் கிழிசலை அவிழ்த்தெறிந்து, புண்ணைக் கழுவி, சுத்தமான துணியால் கட்டிவிட்டேன்.

சிரித்தது போதும். போன தடவை உங்களுக்கு ரத்தம் எடுத்தபோது, அழுத்திப் பிடிக்கச் சொன்ன பஞ்சைப் பாதியிலேயே தூக்கி, நின்றுவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தது யார்?